கோழி மிதித்து

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்று
சொன்னவர் யாரும்
என் வீட்டுப் புள்ளியைப் பார்த்ததில்லை.

ஆடியில் ஒன்பது பொரித்தது.
மூன்றாம் நாள் ஒன்றின் முதுகில் ஏறி நின்றது,
வாசலில் யார் வருகிறார்கள் என்று பார்ப்பதுபோல,
ரொம்ப நேரம்.
இன்னொன்றைக் கண்ணில் கொத்தியது.
துணி சுற்றி வைத்தேன், சாயங்காலம் வரை கிடந்தது.
மிச்சம் ஏழை வளர்த்ததும் அதே கோழிதான்.
பருந்து இறங்கியபோது
மேலே எழும்பி விரட்டியதும் அதுதான்.
இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இப்போது மார்கழி.
மாரண்டஅள்ளிக்கு மேற்கே பனி
தக்காளிக் குச்சிகளின் நுனிவரை இறங்கி நிற்கிறது.
பழைய கூடையில் மணல் பரப்பி
ஒரு ஆணி, ஒரு கரித்துண்டு, பன்னிரண்டு முட்டை.
இருபத்தோரு நாள்.
கூமுட்டை ஒன்று போக
பதினொன்று.

வேடியப்பன் சொன்னான்:
"அடிச்சுக் குழம்பு வெச்சிரு.
குஞ்சுங்கள அட்டைப்பெட்டில போட்டுக்
குண்டு பல்பு ஒண்ணு மாட்டு.
பல்பு கொத்தாது."

மாதேஸ்வரி சொன்னாள்:
"மொத ஈட்டுக்கு அப்படித்தாங்கா.
அதுக்கு என்ன தெரியும்?"

அதுக்கு என்ன தெரியும்.
இதே வார்த்தையை என்னைப் பற்றி
அடுத்த அறையில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.
பூவரசி பிறந்த பதினாறாம் நாள்
குளிப்பாட்டும்போது கையை விட்டுவிட்டேன்.
விட்டேனா, நழுவியதா,
பதினான்கு வருஷமாய் எனக்கே தெரியாது.
பிறகு பால் கொடுக்க மட்டும் கொண்டுவந்து தந்தார்கள்.
நாத்தனார் எதிரில் உட்கார்ந்திருப்பாள்.
குடித்து முடித்ததும்
இரண்டு கையையும் நீட்டுவாள்.

அதற்கும் கோழிக்கும் சம்பந்தமில்லை.
பூவரசி பாலக்கோட்டில் ஒன்பதாவது படிக்கிறாள்.
என்னைவிட ஒரு விரல்கடை உயரம்.

பெட்டியை எடுத்தேன்.
அடியில் செய்தித்தாள் விரித்தேன், பல்பு மாட்டினேன்,
பதினொன்றையும் பிரித்து உள்ளே விட்டேன்.
புள்ளி பெட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தது.
அதைக் கேட்டுக்கொண்டே களி கிண்டினேன்.
கட்டி தட்டிவிட்டது.
பூவரசி ஒன்றும் சொல்லாமல் தின்றாள்.

ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் போனது.

பல்பு கொத்தாது.
பல்பு அணையும்.

செல்போன் எங்கே வைத்தேனோ.
இருட்டில் பெட்டிக்குள் கை விட்டுத் துழாவி
அகப்பட்டதை அகப்பட்டபடி அள்ளிப்
புள்ளியின் வயிற்றடியில் தள்ளினேன்.
ஒவ்வொரு முறையும் மணிக்கட்டில் கொத்தியது.
கொத்தட்டும் என்றிருந்தது.
என்னைக் கொத்துகிறவரை
எது தன்னுடையது என்று அதற்குத் தெரிகிறது.

கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது.
தூங்கிய அமைதியும் செத்த அமைதியும்
இருட்டில் ஒன்றுபோலவே இருக்கின்றன.
சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.
ஓசூர்ப் பக்கம் ஒரு ரயில் போனது.
வெகுநேரம் கழித்து இன்னொன்று.

விடிந்ததும் இறக்கையைத் தூக்கி எண்ணினேன்.
பத்து.
மறுபடியும் பத்து.
அதன் காலடியைப் பார்த்தேன், ஒன்றுமில்லை.
அலகைப் பார்த்தேன், ரத்தம்.
என்னுடையது.

பதினொன்றாவது பெட்டியிலேயே இருந்தது.
மூலையில், செய்தித்தாள் மடிப்புக்குள்,
என் கைக்குத் தப்பி.
கல்லுபோல் சில்லிட்டிருந்தது.
அலகு மட்டும் திறந்து மூடியது.
உள்ளங்கையில் பொத்தி ஊதினேன்.
அடுப்போரம் நின்றேன்.
ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு
ஒரு கையால் பால் கறந்தேன்.

பிறகு கொண்டுபோய்ப் புள்ளியின் முன்னால் வைத்தேன்.

கழுத்தைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தது.
தலை குனிந்தது.
கொத்துவதற்கும் சேர்த்துக்கொள்வதற்கும்
கோழி ஒரே மாதிரிதான் குனிகிறது.

கேனைத் தூக்கிக்கொண்டு
சொசைட்டிக்கு நடந்தேன்.
பாதி வழியில்தான் தெரிந்தது
மூடி போடவில்லை என்று.